காரணி தெரியாமலேயே பகு எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தக்கலை பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷனில் கணக்கு எடுக்கிறேன். எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தைத் தொடங்கினால் போதும், யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிடுவார். "சாரே, யாராலயும் வகுக்க முடியாத ஒரு பெரிய நம்பர் இருக்காமே, அத வச்சுதான் பேங்க் ஆப்பு எல்லாம் ஓடுதாம். உள்ளதா?"

பாதி உள்ளது, பாதி தப்பு. போனில் சுற்றி வரும் செய்திகளும் வீடியோக்களும் பெரிய எண்களைப் பற்றி இப்படித்தான் அரைகுறையாகப் பேசுகின்றன. பகா எண்ணையும் பகு எண்ணையும் மாற்றிச் சொல்கிறார்கள். 'யாருக்கும் தெரியாத எண்' என்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பரவலான குழப்பம் ஒன்று உண்டு, அது படித்தவர்களிடமும் இருக்கிறது: ஓர் எண் பகு எண் என்று நிரூபித்துவிட்டார்கள் என்றால் அதன் காரணிகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. அவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரு சாதாரண செல்போன் நொடியில் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் பதில் வராத எண்கள் இருக்கின்றன. இது எப்படி என்று புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வாழைக்கன்றும் வரிசையும்

இரணியல், திங்கள்சந்தை பக்கம் வயலில் ஏத்தன் வாழை நடுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் 35 கன்று இருந்தால் வரிசைக்கு 7 என்று 5 வரிசையாக நடலாம். கட்டம் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நிறைந்துவிடும், ஒன்றும் மிஞ்சாது. 37 கன்று இருந்தால் எப்படி நட்டாலும் சரிவராது. 6 வரிசை போட்டால் ஒன்று மிஞ்சும், 5 வரிசை போட்டால் இரண்டு மிஞ்சும். ஒரே நீள வரிசையாக நட்டால்தான் உண்டு.

35 போல, ஒன்றுக்கு மேற்பட்ட சம வரிசைகளில் மிச்சமில்லாமல் நடக்கூடிய எண்ணைப் பகு எண் என்கிறோம். 37 போல ஒரே வரிசைக்கு மட்டும் ஒத்துவரும் எண் பகா எண். மிச்சமில்லாமல் வகுக்கும் எண்ணுக்குக் காரணி என்று பெயர். 35-க்கு 1, 5, 7, 35 ஆகியவை காரணிகள். வகுத்தபின் மிஞ்சுவது மீதி.

இப்போது 91-ஐ எடுத்துக்கொள்வோம். வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் பகா எண் என்றே சொல்வார்கள். ஒற்றைப்படை எண், 3-ஆலும் 5-ஆலும் வகுபடவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை 12 வரை சொல்லியே பழகியதால் 7 × 13 = 91 நாக்கில் வருவதில்லை. ஆனால் 13 கன்று வீதம் 7 வரிசை கச்சிதமாக நிறையும். 91 ஒரு பகு எண். இந்த எண்ணைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள், நமக்கு நிறையச் சொல்லித்தரப்போகிறது.

எல்லாப் பகு எண்ணும் ஒரே ரகம் இல்லை

பெரிய பகு எண் என்றால் நிறையக் காரணிகள் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. சில எண்களுக்கு அது சரிதான். இராமானுஜன் 1915-ல் 'மிகு பகு எண்கள்' பற்றி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் அவை. அவர் தந்த பட்டியலில் கடைசியாக நிற்பது 6746328388800. ஏறத்தாழ 6.7 லட்சம் கோடி. இதற்கு 10080 காரணிகள். 2, 3, 5, 7 போன்ற சின்னப் பகா எண்களையே திரும்பத் திரும்பப் பெருக்கிக் கட்டிய எண் என்பதால்தான் இத்தனை. இத்தனை கன்றுகள் இருந்தால் நீங்கள் நினைக்கிற அளவில் எல்லாம் வரிசை போடலாம்.

அடுத்து இந்த எண்ணைப் பாருங்கள்: 147573952589676412927. முன்னதைவிட இரண்டு கோடி மடங்கு பெரியது. இதுவும் பகு எண்தான். ஆனால் 1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்தே நான்கே காரணிகள். நடுவில் இருக்கும் இரண்டு காரணிகளும் பிரம்மாண்டமானவை. ஓர் எண்ணின் அளவைப் பார்த்து அது எப்படிப் பிரியும் என்று சொல்ல முடியாது. அது எந்தப் பகா எண்களால் ஆனது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. அந்தப் பகா எண்களின் பெருக்கம் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே விதமாகத்தான் அமையும் என்பதைப் பத்தாம் வகுப்பில் 'அடிப்படை எண்ணியல் தேற்றம்' என்று படிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரிய எண்களில் பகு எண் ஒன்றும் அபூர்வம் இல்லை. 100 இலக்க அளவில் ஏதோ ஓர் எண்ணை எடுத்தால் அது பகா எண்ணாக இருக்க ஏறக்குறைய 230-க்கு ஒன்று என்பதே வாய்ப்பு. மற்றவை எல்லாம் பகு எண்களே. அவற்றிலும் பாதி இரட்டைப்படை, பல 3-ஆல் வகுபடும், பல 5-இல் முடியும். இவற்றைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சின்னக் காரணி எதுவும் இல்லாமல் 91 போல ஏமாற்றும் பெரிய எண்களே சிக்கலானவை.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் என்ன?

91-ஐச் சோதிக்க 9 வரை வகுத்தால் போதும். ஏனென்றால் 10 × 10 = 100, அது 91-ஐத் தாண்டிவிடும். ஓர் எண்ணுக்கு இரண்டு காரணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருக்கும். ஆக வர்க்கமூலம் வரை தேடினால் முடிந்தது.

சின்ன எண்ணுக்கு இது அருமையான வழி. 617 இலக்க எண்ணுக்கு? (இந்த அளவு எண் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.) அதன் வர்க்கமூலத்துக்கே 309 இலக்கம். ஒரு கம்ப்யூட்டர் நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை வகுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் அது முடித்திருக்கும் வகுத்தல்களின் எண்ணிக்கை 20 இலக்க எண். நாம் போகவேண்டியது 309 இலக்கம் வரை. பத்து லட்சம் கம்ப்யூட்டர்களைச் சேர்த்தால் 20 என்பது 26 ஆகும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மிச்சமில்லாமல் பிரியும் எண் பகு எண். பெரிய எண்களில் பெரும்பாலானவை பகு எண்களே. ஆனால் காரணியைத் தேடிப்பிடித்து அதை நிரூபிப்பது ஓர் எல்லைக்குமேல் நடக்காத காரியம். அப்படியானால் காரணியைத் தேடாமலேயே தீர்ப்புச் சொல்ல வழி உண்டா?

பகா எண்கள் தவறாத ஒரு விதி

உண்டு. பிரான்சைச் சேர்ந்த பியர் டி ஃபெர்மா 1640-ல் ஒரு கடிதத்தில் எழுதிய விதி அது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்துங்கள். வந்த விடையை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1. (2-ஐ மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற எல்லாப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும்.)

சரிபார்ப்போம். 5-க்கு: 2⁴ = 16, அதாவது 15 + 1. 7-க்கு: 2⁶ = 64, அதாவது 63 + 1. 13-க்கு: 2¹² = 4096, அதாவது 13 × 315 = 4095, மீதி 1. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படியேதான் வரும். 2-க்குப் பதில் 3, 5, 10 என்று வேறு எதை எடுத்தாலும் சரி, அந்தப் பகா எண்ணால் அது வகுபடாமல் இருந்தால் போதும்.

இப்போது 9-ஐப் போட்டுப் பாருங்கள். 2⁸ = 256 = 252 + 4. மீதி 4. விதி உடைந்துவிட்டது. 9 பகா எண்ணாக இருந்திருந்தால் மீதி 1 வந்தே தீரவேண்டும், வரவில்லை. ஆகவே 9 பகா எண் இல்லை, பகு எண். இதைச் சொல்ல நாம் 9-ஐ 3-ஆல் வகுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

91-ஐக் கையால் பிடிப்போம்

விதிப்படி 2⁹⁰-ஐ 91-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கவேண்டும். 2⁹⁰ என்பது 28 இலக்க எண். அதை முழுசாக எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் 91-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகலாம், கடைசி மீதி மாறாது. இதுதான் உங்கள் பாடப்புத்தகத்தில் 'மட்டு எண்கணிதம்' என்று வருவது.

2-இல் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே போவோம்.

2² → 4
2⁴ → 16
2⁸ → 256, மீதி 74
2¹⁶ → 74 × 74 = 5476, மீதி 16
2³² → 16 × 16 = 256, மீதி 74
2⁶⁴ → மறுபடி 5476, மீதி 16

90 = 64 + 16 + 8 + 2. ஆகவே அந்த நான்கு மீதிகளைப் பெருக்கினால் போதும். 16 × 16 = 256, மீதி 74. அதை 74-ஆல் பெருக்கினால் 5476, மீதி 16. அதை 4-ஆல் பெருக்கினால் 64.

கடைசி மீதி 64. வரவேண்டியது 1. ஆக 91 பகு எண், சந்தேகமே இல்லை.

ஒரு முறை மேலே போய்க் கணக்கைத் திரும்பப் படியுங்கள். 7 எங்காவது வந்ததா? 13 வந்ததா? இரண்டுமே தலைகாட்டவில்லை. 64 என்ற மீதியைப் பார்த்த மாத்திரத்தில் 7-உம் 13-உம் தெரிந்துவிடுவதும் இல்லை. 91 பிரியும் என்று மட்டும் நமக்கு உறுதியாகத் தெரியும். எப்படிப் பிரியும் என்பதைப் பற்றி இந்தக் கணக்கு வாயே திறக்கவில்லை. பெரிய பகு எண்களைப் பற்றிப் பேசும்போது நழுவிப்போகும் இடம் இதுதான். பிள்ளைகளுக்குக் காரணிச்செடி வரையச் சொல்லித்தருவதோடு இந்த ஒரு கணக்கையும் கையால் போட வைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

எத்தனை படி ஆயிற்று? ஆறு வர்க்கம், மூன்று பெருக்கல். எண்ணின் அளவு இரட்டிப்பானால் படி ஒன்றுதான் கூடும். 617 இலக்க எண்ணுக்கே ஏறத்தாழ 2048 வர்க்கங்கள் போதும், அதை ஒரு போன் கண் இமைக்கும் நேரத்தில் செய்யும். ஒவ்வொன்றாக வகுக்கும் வழியில் 309 இலக்கம், இந்த வழியில் இரண்டாயிரத்துச் சொச்சம். அவ்வளவு தூரம் இரண்டுக்கும்.

ஏமாற்றும் எண்கள்

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மீதி 1 வராவிட்டால் அது பகு எண், அது உறுதி. மீதி 1 வந்தால்? பகா எண் என்று சொல்லிவிடலாமா?

91-ஐயே 3-ஐக் கொண்டு சோதிப்போம். 3⁶ = 729. 91 × 8 = 728. மீதி 1. 90 என்பது 6-இன் 15 மடங்கு, ஆக 3⁹⁰-க்கும் மீதி 1. சோதனையில் 91 தேறிவிட்டது! 3-ஐ மட்டும் நம்பியிருந்தால் 91-ஐப் பகா எண் என்று எழுதியிருப்போம். 2-ஐ வைத்துப் பார்த்ததால் பிடித்தோம்.

சரி, ஒன்று ஏமாற்றினால் இன்னொன்றைக் கொண்டு பிடிக்கலாம் என்று தோன்றும். எல்லாவற்றையும் ஏமாற்றும் எண்களும் உண்டு. 1729-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், லண்டனில் ஹார்டி ஏறிவந்த டாக்சியின் எண் என்று இராமானுஜனோடு சேர்த்து நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே எண். இது நம் 91-இன் 19 மடங்கு: 7 × 13 × 19. இந்த மூன்றில் எதனாலும் வகுபடாத எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் 1729 மீதி 1 என்றே காட்டும். காரணம் எளிது. 1728 என்பது 6-ஆலும் 12-ஆலும் 18-ஆலும் வகுபடும், அதாவது 7, 13, 19 மூன்றிலும் ஒன்று குறைவான எண்களால். அதனால் மூன்று காரணிகளும் தனித்தனியாக விதியைக் காப்பாற்றிவிடுகின்றன. இப்படிப்பட்ட எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். மிகச் சிறியது 561.

இவற்றைப் பிடிக்க விதியைக் கொஞ்சம் கூர்மையாக்கினார்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தைப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறது என்றால், அந்த எண்ணைப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ அல்லது பகா எண்ணைவிட ஒன்று குறைவாகவோதான் இருக்க முடியும். a² − b² = (a − b)(a + b) என்ற முற்றொருமைதான் காரணம். வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் அது 'எண் கழித்தல் 1', 'எண் கூட்டல் 1' என்று இரண்டாகப் பிரியும். பகா எண்ணால் பிரிந்து இரண்டு பக்கமும் நிற்க முடியாது, ஏதாவது ஒன்றை முழுசாக வகுத்தாகவேண்டும். பகு எண்ணால் முடியும்.

1728-ஐப் பாதியாக்கிக்கொண்டே போனால் 864, 432, 216, 108, 54, 27. கீழிருந்து மேலே வருவோம். 2²⁷-ஐ 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால், 2⁵⁴-க்கு மீதி 1065. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 1065 × 1065 = 1134225 = 1729 × 656 + 1. மீதி 1!

1 வருவதற்குச் சற்று முன் நின்றது 1065. அது 1-உம் இல்லை, 1728-உம் இல்லை. 1729 கையும் களவுமாகப் பிடிபட்டது. 1064 = 8 × 7 × 19, 1066 = 2 × 13 × 41 என்று பிரித்துப் பார்த்தால் 7-உம் 19-உம் ஒரு பக்கம், 13 மறுபக்கம் நிற்பதும் தெரியும். அதாவது இந்த முறை காரணிகளும் கைக்கு வந்துவிட்டன. அதிர்ஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை, ஃபெர்மா விதியை ஏமாற்றிவிட்டு இந்த இரண்டாவது சோதனையில் மாட்டும் எண்களுக்கு இப்படித்தான் நடக்கும். ஆனால் பெரும்பாலான பெரிய பகு எண்கள் 2-இடமே தோற்று, 91 போல அர்த்தமில்லாத ஒரு மீதியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அங்கே காரணி எதுவும் கிடைக்காது.

இந்தக் கூர்மையான சோதனைக்கு மில்லர்–ரேபின் சோதனை என்று பெயர். 1976-லும் 1980-லும் வெளிவந்த ஆய்வுகளில் உருவானது. மனம்போன போக்கில் எடுத்த ஓர் எண்ணைக் கொண்டு சோதித்தால் ஒரு பகு எண் தப்பிக்க அதிகபட்சம் நான்கில் ஒரு வாய்ப்பு. இருபது எண்களைக் கொண்டு சோதித்தால் ஒரு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பைவிடக் குறைவு.

2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இந்தச் சின்னச் சந்தேகமும் இல்லாமல், வாய்ப்புக் கணக்கே தேவைப்படாமல், வேகமாகத் தீர்ப்புச் சொல்லும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். இதை நம் பள்ளிகளில் இன்னும் சத்தமாகச் சொல்லவேண்டும்.

இந்தப் பகுதியில் மனத்தில் நிற்கவேண்டியது இவ்வளவுதான்: சோதனையில் தோற்ற எண் நிச்சயமாகப் பகு எண். தேறிய எண் அநேகமாகப் பகா எண், எத்தனை முறை தேறுகிறதோ அவ்வளவு நம்பலாம். தோற்ற எண்ணின் காரணி கிடைத்தாகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இருபத்தொரு இலக்கம், இருபத்தேழு வருடம்

மேலே வந்த 147573952589676412927 என்ற எண்ணின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். அது 2⁶⁷ − 1. பிரெஞ்சுத் துறவி மெரின் மெர்சென் 1644-ல் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். இருநூறு வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. 1876-ல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் தானே உருவாக்கிய ஒரு மீதிச் சோதனையால் அது பகு எண் என்று காட்டினார். எந்தக் காரணியையும் அவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது.

காரணிகள் 1903-ல் தான் வெளிவந்தன. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றை அறிவித்தார்: 193707721 × 761838257287. வாய் திறக்காமல் கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கமே எழுந்து கைதட்டியது என்று சொல்வார்கள். மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. கோலைப் பற்றி எழுதுகிறவர்கள் லூக்காவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெருக்கலை யாரும் சரிபார்க்கலாம். காரணி ஒன்றுகூடத் தெரியாமல் '21 இலக்க எண் பிரியும்' என்று உறுதியாகச் சொன்னதே புதுமை.

ஃபெர்மாவும் இதே வகையில் ஒரு முறை சறுக்கினார். 2-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போய் 1-ஐக் கூட்டினால் 5, 17, 257, 65537 என்று வரிசையாகப் பகா எண்கள் கிடைக்கின்றன. எப்போதும் கிடைக்கும் என்று அவர் நம்பினார். ஐந்து முறை வர்க்கப்படுத்தினால் வருவது 4294967297. 1732-ல் ஆய்லர் அது 641 × 6700417 என்று காட்டினார். ஃபெர்மா தன் சொந்த விதியில் 3-ஐப் போட்டு 32 முறை வர்க்கம் எடுத்திருந்தால், மீதி 1 வராததைத் தாமே பார்த்திருப்பார்.

இந்த வரிசையில் பதினான்கு முறை வர்க்கப்படுத்தி வரும் எண்ணுக்கு 4933 இலக்கம். அது பகு எண் என்று 1960களின் தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரில் மீதி பார்த்து நிரூபித்துவிட்டார்கள். அதன் முதல் காரணி, 54 இலக்க எண், 2010-ல் தான் கிடைத்தது. நடுவில் ஏறக்குறைய ஐம்பது வருடம் அது காரணி தெரியாத பகு எண்ணாகவே இருந்தது. இருபது முறை வர்க்கப்படுத்தி வரும் எண்ணுக்கு 3,15,653 இலக்கம். 24 முறைக்கு 50,50,446 இலக்கம். இரண்டும் பகு எண் என்பது நிரூபணமாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது. மெர்சென் வரிசையில் 385 இலக்கமே கொண்ட 2¹²⁷⁷ − 1-க்கும் இதே நிலைதான்.

பேங்க் ஆப் கேள்விக்கு வருவோம்

1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை இந்த இடைவெளியின் மேல்தான் நிற்கிறது. இணையப் பாதுகாப்பிலும், இ-சேவை மையத்தில் நாம் வாங்கும் சான்றிதழ்களில் இருப்பது போன்ற டிஜிட்டல் கையொப்பங்களிலும் அது பரவலாகப் பயன்படுகிறது. முறை இதுதான். இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்து ரகசியமாக வைத்துக்கொள்ளவேண்டும். அவற்றின் பெருக்கத்தை வெளியே சொல்லிவிடவேண்டும். பூட்ட அந்தப் பெருக்கம் போதும், திறக்க அந்த இரண்டு பகா எண்களும் வேண்டும்.

அப்படியானால் வெளியே தெரியும் அந்த எண் 'யாருக்கும் தெரியாத எண்' இல்லை, எல்லோருக்கும் தெரிந்த எண். 'வகுக்க முடியாத எண்'ணும் இல்லை. அது பகு எண் என்பதும், அதில் சரியாக இரண்டு பகாக் காரணிகள் இருப்பதும் ஊருக்கே தெரியும். அந்த இரண்டும் எவை என்பது மட்டுமே ரகசியம். இன்று பரவலாக இருக்கும் அளவு 2048 பிட், அதாவது 617 இலக்கம். முன்னால் சொன்ன 617 இங்கிருந்து வந்ததுதான்.

பகா எண்ணை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் மீதிச் சோதனை வேலைக்கு வருகிறது. 309 இலக்க அளவில் ஒற்றைப்படை எண்களை மனம்போல எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால் சராசரியாக 355-க்கு ஒன்று பகா எண்ணாக அமையும். மற்ற 354-உம் பகு எண்கள். அவற்றின் காரணிகளைப் பற்றிக் கம்ப்யூட்டர் கவலைப்படுவதே இல்லை, தோற்றவுடன் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

காரணி காணும் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1977-ல் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணை 1994-ல் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்கள் சேர்ந்து பிரித்தார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று பிரிந்தது. அதற்கு ஆன உழைப்பு, ஒரே ஒரு பிராசசர் கோர் மட்டும் வேலை செய்திருந்தால் ஏறத்தாழ 2700 வருடம். இலக்கம் கூடக் கூட வேலை தாறுமாறாக ஏறும். 617 இலக்கம் இன்றைய முறைகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

"குவான்டம் கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் போச்சுன்னு சொல்லுதாங்களே சாரே?" இதுவும் தவறாமல் வரும் கேள்வி. 1994-ல் பீட்டர் ஷோர், அந்தக் கம்ப்யூட்டரில் பெரிய எண்களின் காரணிகளை வேகமாகக் காணும் வழியை எழுத்தில் காட்டிவிட்டார் மக்களே, அது சரியான வழிதான். ஆனால் அதை ஓட்டும் அளவுக்குப் பெரிய, பிழையில்லாத கருவி இன்னும் கட்டப்படவில்லை. 2001-ல் ஐ.பி.எம். குழு அந்த வழியில் உண்மையாகவே ஓர் எண்ணைப் பிரித்துக் காட்டியது. அந்த எண் 15. அந்தக் கருவிகள் வளர்ந்தால் ஆர்.எஸ்.ஏ.வுக்கு மாற்று வேண்டும் என்பதால் காரணியை நம்பாத வேறு பூட்டு முறைகளை இப்போதே கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள்.

கையில் பேனா பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 341 பகா எண்ணா? முதலில் 2-ஐக் கொண்டு சோதியுங்கள். 2¹⁰ = 1024 = 341 × 3 + 1 என்பதால் மூன்றே வரியில் முடிந்துவிடும், மீதி 1 வரும். நம்பிவிடாதீர்கள். அப்புறம் 3-ஐக் கொண்டு சோதியுங்கள், 340 = 256 + 64 + 16 + 4 என்று பிரித்துக்கொண்டு. கடைசியில் 56 என்ற மீதி வந்தால் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.